தெருமுனையில் கேட்காத குரல்

சாவு வீட்டுக்கு மகள் வருகிறாள் என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிட வேண்டும். மரக்காணம் பக்கத்து முறை அது. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு, செருப்பு ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம் போக, "எப்பா, என்ன விட்டுட்டுப் போயிட்டியாப்பா" என்று கத்தியபடி ஓடி வர வேண்டும். பந்தலில் இருக்கும் பெண்கள் எழுந்துபோய்க் கட்டிப்பிடித்து, தலையோடு தலை சேர்த்து ஒரு பாட்டம் அழுது தீர்த்த பிறகுதான் அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுவார்கள். வெளிநாட்டு மகள் என்றால் கேட்கவே வேண்டாம். அதைப் பார்ப்பதற்கென்றே நாலு தெருப் பெண்கள் உலையைக்கூட வைக்காமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அமிர்தசாமியின் மகள் ஆஷ்லின் வந்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வருகிறாள். அதுவும் வெறும் மகளா? பாடகி. ஓபரா என்று ஒரு பாட்டு இருக்கிறதாம். மைக் இல்லாமல், பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டுமாம். அதை முறையாகப் படித்து, அதிலேயே சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்ட தொண்டை, பெற்ற அப்பனுக்காக அழுதால் எப்படி இருக்கும் என்று பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் ஓர் ஆசை. சாவு வீட்டில் ஆசையா என்று கேட்காதீர்கள். இருந்தது, பொய் சொல்வானேன்.

டாக்ஸி வந்து நின்றது. ஆஷ்லின் இறங்கினாள். சத்தமே இல்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? எல்லாரும் காதைத்தான் தீட்டி வைத்திருந்தார்கள். எதிரே போன பெண்கள் விரித்த கையோடு பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் அத்தை மரியசெல்வி உட்கார்ந்திருந்தாள். அமிர்தசாமிக்கு அக்கா. தாயில்லாத ஆஷ்லினையும் அவள் தம்பி பிரிட்டோவையும் தூக்கி வளர்த்தவள். ஒப்பாரி சொல்வதில் சுற்றுவட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்று பார்க்க மாட்டாள். கூப்பிட்ட சாவுக்கெல்லாம் போவாள். மருமகளைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"உப்பு வெளஞ்ச காட்டுல
உச்சி வெயில் தாங்குனியே
ஒத்த மக வந்திருக்கா
ஒரு பேச்சுப் பேச மாட்டியா"

அங்கே நிறுத்தினாள். அடுத்த அடியை மகள் வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் அது. ஆஷ்லின் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தாள். தோள் குலுங்கியது. வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. அத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்லிவிட்டு மறுபடியும் இடம் விட்டாள். அதுவும் வீணாகப் போயிற்று.

மரியசெல்வி அழுகையைப் பட்டென்று நிறுத்தினாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? ஒரு தடவ அப்பான்னு கூப்புடு. நீ வருவேன்னுதான அவன ஐஸ்ல போட்டு வச்சிருக்கோம்."

ஆஷ்லின் தலையை ஆட்டினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கைபேசியில் எதையோ அடித்து நீட்டினாள். மரியசெல்வி அதைப் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

"அப்பன் சாவுக்கு எழுதிக் காட்டுறாளாம்."

பிரிட்டோ ஓடிவந்து, "அத்தை, நான்தான் சொன்னேனே, டாக்டர் அவள வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றான்.

"எந்த டாக்டர்டா சாவு வீட்ல அழக்கூடாதுன்னு சொன்னான்? அவனுக்கு அப்பன் இல்லியா?"

பிரிட்டோ அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அந்தத் தொண்டையின் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கும் ஆஷ்லின் நெஞ்சழுத்தக்காரியாகத்தான் தெரிவாள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

அமிர்தசாமி உப்பளத்தில் எஞ்சின் மெக்கானிக். பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்ததில் காது பாதி போய்விட்டது. வீட்டில் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறாது. மகள் பாடினால் மட்டும் தலையைத் தூக்குவார். "இந்தப் புள்ள கொரலு ஒண்ணுதான் எனக்கு எட்டுது" என்பார். மாதா கோவில் பாடல் குழுவில் இவள் ஒருத்தி வாயைத் திறந்தால் மற்ற பத்துப் பேரும் பாடுகிறார்களா என்பதே தெரியாது. கொஞ்சம் அடக்கிப் பாடு என்று எல்லாரும் சொன்னார்கள், அவர் ஒருவரைத் தவிர.

பாண்டிச்சேரியில் பள்ளிக்கூடம், சென்னையில் மேற்கத்திய இசைப் படிப்பு, பிறகு ஜெர்மனி. எல்லாவற்றுக்கும் அந்த எஞ்சின்தான் ஓடியது. அங்கே காலையில் ரொட்டிக் கடையில் வேலை, மாலையில் பயிற்சி. மூச்சை இடுப்புக்கு இறக்குவது, தொண்டையை இறுக்காமல் அழுவதுபோலப் பாடுவது, சாகிறமாதிரி பாடுவது, எல்லாம் கற்றாள். படிப்பு முடிந்து ஓர் ஊரின் ஓபரா அரங்கத்தில் வேலை கிடைத்தது. கோரஸில்.

கோரஸ் என்றால் கூட்டத்தில் ஒருத்தி. ஒரு நாள் வேலைக்காரி, ஒரு நாள் சிப்பாய், ஒரு நாள் கன்னியாஸ்திரி. எந்த வேஷம் போட்டாலும் பின்வரிசைதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று. அமிர்தசாமி ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கத்துவார். "முன்னால நின்னு பாடுறியாம்மா?" காது கேளாதவர்கள் கத்தித்தானே பேசுவார்கள். இவளும் பதிலுக்குக் கத்துவாள். "இன்னும் இல்லப்பா." மனிதர் ஒரு நாளும் வேறு கேள்வி கேட்டதில்லை, கல்யாணத்தைப் பற்றிக்கூட.

போன வருஷக் கடைசியில் தெய்வம் கண்ணைத் திறந்தது. அடுத்த சீசனுக்கு ஆஷ்லினுக்குப் பெரிய வேஷம் கொடுத்தார்கள். கொலையுண்ட அரசனின் மகள். செத்துக் கிடக்கும் தகப்பன் முன்னால் மண்டியிட்டு அழுது பாட வேண்டும். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்களாம். சேதி கேட்ட அமிர்தசாமி உப்பளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த வயதில் பாஸ்போர்ட் எடுத்தார். அதற்காகப் பிடித்த போட்டோதான் இப்போது கண்ணீர் அஞ்சலி பேனரில் பெரிதாகத் தொங்குகிறது. சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரன் சொன்னதால் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாக, பயிற்சியின் நடுவில் ஒருநாள் ஆஷ்லினின் குரல்நாணில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பல வாரம் பேச்சு கிடையாது. கிசுகிசுப்பதுகூட ஆகாது. இருமல் வந்தாலும் விழுங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்விட்டு அழாதே. இன்னொரு தடவை ரத்தம் கசிந்தால் தழும்பு விழும், தழும்பு விழுந்தால் பாட்டு முடிந்தது. அப்படி அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தபோதுதான், எஞ்சின் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அமிர்தசாமி எழுந்திருக்கவில்லை என்று பிரிட்டோவிடமிருந்து செய்தி வந்தது.

மேடையில் வேஷம் போட்ட அப்பனுக்கு அழ வேண்டுமானால் பெற்ற அப்பனுக்கு அழக்கூடாது. விதிக்கு எவ்வளவு கிண்டல் பாருங்கள். விமானத்தில் வரும்போது ஆஷ்லினுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தொண்டை கிழிந்தாலும் சரி, அப்பா என்று ஒரு தடவை கத்திவிட வேண்டும். ஆனால் அப்படிக் கத்தினால் அந்த மனுஷன் அத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்கு இவளே மண்ணள்ளிப் போட்டதாக ஆகிவிடுமே. அதனால்தான் பெட்டியின் மேல் விழுந்து, மேடையில் செய்வதுபோல மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, இறக்கி, வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு இதெல்லாம் தெரியுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உப்பளத்தில் வேலை செய்யும் தெய்வநாயகி எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"வெள்ளக்காரனுக்கெல்லாம் பாடுறவளுக்கு எஞ்சின்காரருக்கு அழுவ வாய் வரல."

இன்னொருத்தி, "ஊமையாப் போயிட்டாளோ என்னவோ, வேளாங்கண்ணிக்கு நேந்துக்கச் சொல்லுங்க" என்று இரக்கப்பட்டாள். இரக்கம்தான் ஆஷ்லினுக்கு அதிகமாக வலித்தது.

கோவிலில் நடந்தது அதைவிட மோசம். இறுதிப் பூசை முடிகிற சமயம், சாமியாருக்கு உதவியாகக் கோவிலைப் பார்த்துக்கொள்ளும், விஷயம் தெரியாத உபதேசியார் ஆரோக்கியராஜ் மைக்கைப் பிடித்து, "நம்ம பங்கின் மகள், ஜெர்மனி நாட்டில் புகழ்பெற்ற பாடகி, தன் தந்தைக்காக இப்போது ஒரு பாடல் பாடுவார்" என்று அறிவித்துவிட்டார். நல்லெண்ணம்தான். நல்லெண்ணம் போல மனுஷனைக் கவிழ்ப்பது வேறொன்றும் இல்லை. அத்தனை தலையும் திரும்பியது. மைக்செட்காரர் மைக்கைக் கொண்டுவந்து ஆஷ்லின் வாயருகே நீட்டினார். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாரும் அவள் ஒருத்தியின் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். அவள் கைகூப்பினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பாடல் குழு அவசர அவசரமாக எதையோ ஆரம்பித்தது.

கல்லறையில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். உப்பளத்து ஆட்கள் மண்ணோடு உப்பும் போட்டார்கள். மரியசெல்வி அழுதது அடுத்த தெருவரை கேட்டது. ஆஷ்லின் குழியின் ஓரத்தில், கடித்த உதட்டோடு நின்றாள்.

அதற்குப் பிறகு அத்தையும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேடிக்கையைக் கேளுங்கள். பேச முடியாதவளோடு பேசாமல் இருப்பது எப்படிப்பட்ட தண்டனை? ஆனாலும் செய்தாள். சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். துக்கம் கேட்க யாராவது வந்தால் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுவாள், அழுகையின் நடுவே மருமகள் இருக்கும் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில் திட்டு மட்டும் இல்லை, ஏக்கமும் இருந்தது. தன் தம்பிக்காகத் தன்னோடு சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டும் என்ற ஏக்கம். ஆண்பிள்ளை பிரிட்டோ எவ்வளவு அழுவான்?

ஆஷ்லின் காலையில் மொட்டை மாடிக்குப் போவாள். இசைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். வாய் அசையும், விலா விரியும், கை எழும்பும். சத்தம் வராது. குரல் தூங்கும்போதும் பாட்டை உடம்புக்கு மறக்க விடக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம். மிளகாய் காயப்போட ஏறிவந்த மரியசெல்வி அதைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, வாயைப் பெரிதாகத் திறந்து, ஒன்றும் கேட்காமல் நிற்கிற மருமகளைக் கண்டதும் அவளுக்குப் பயமாகப் போயிற்று. கீழே வந்து பிரிட்டோவைப் பிடித்தாள்.

"அங்க நின்னு இன்னாடா செய்யுறா?"

"மனசுக்குள்ள பாடிப் பாக்குறா அத்தை. அப்பன் செத்ததுக்கு மக அழுவுற பாட்டு. அதுக்குத்தான் அவள எடுத்திருக்காங்க."

"அங்க அழுவுறதுக்கு சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப கூலிக்குன்னா அழுவுவா."

"நீயும்தான் ஊர்ச் சாவுக்கெல்லாம் போயி அழுவுற. அவங்க குடுக்குற பொடவய வாங்கிக்கிறது இல்லியா?" என்று கேட்டுவிட்டு பிரிட்டோ வேலைக்குப் போய்விட்டான். மரியசெல்வி அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மத்தியானச் சோற்றுத் தட்டை மட்டும் ணங்கென்று வைக்கவில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பும் முன் தொண்டையைக் கேமரா விட்டுப் பார்த்து, படத்தை அனுப்பச் சொல்லியிருந்தார் அங்கத்து டாக்டர். ஆறியிருந்தால் ஒத்திகைக்கு வரலாம். இல்லாவிட்டால் வேஷம் வேறொருத்திக்குப் போய்விடும். வரிசையில் ஆள் நிற்கிறது. பாண்டிச்சேரியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நேரம் வாங்கினார்கள். பிரிட்டோவுக்கு லீவு கிடைக்கவில்லை. "வாயில்லாத பொண்ணு தனியா எப்படிப் போவும்" என்று சொல்லி மரியசெல்வி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே பாத்தி பாத்தியாக உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அனுமந்தை தாண்டியதும் முகத்தைத் திருப்பாமலேயே பேச ஆரம்பித்தாள்.

"உங்க மாமா செத்தன்னிக்கு நான் அழுவல, தெரியுமா உனக்கு?"

ஆஷ்லின் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு மொத நாளு, இப்ப தாண்டுனமே, இந்த ஊர்லதான் ஒரு சாவு. கடலுக்குப் போன புள்ள. எனக்கு உறவும் இல்ல, ஒறமொறயும் இல்ல. பாக்க மனசு தாங்காம விடிய விடிய அழுதுட்டு வந்தேன். மறுநாளு அவரு போயிட்டாரு. வாயத் தொறக்குறேன், காத்துதான் வருது. எம்புருஷனுக்கு ஊரே அழுதுச்சு. நான் உக்காந்து பாத்துக்கினு இருந்தேன். இருக்குற கொரல யாருக்கோ குடுத்துட்டு, நம்ம ஆளுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சேன்னு இன்னிக்கு வரிக்கும் ஆறல."

ஆஷ்லின் அத்தையின் கையைப் பிடித்தாள். மரியசெல்வி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அதுக்காவ நீ செஞ்சது சரின்னு சொல்ல வரல" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் பெயர் வினோதினி, சின்ன வயசு. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையைப் பார்த்தார். "மெதுவா ஈன்னு சொல்லுங்க" என்றார். ஆஷ்லின் சொன்னாள். நூல்போல ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தன் சத்தத்தைக் கேட்டாள். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மரியசெல்வி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"நல்லா ஆறியிருக்கு. தழும்பு இல்ல. பாடலாம், ஆனா படிப்படியாத்தான்" என்றார் டாக்டர் குழாயை எடுத்தபடி. "இது புதுத் தோல் மாதிரி. இன்னும் கொஞ்ச நாளைக்கு ஜாக்கிரதையா இருக்கணும். கத்தக் கூடாது, அழக் கூடாது. இப்ப ஒரே ஒரு சின்ன வார்த்தை, சாதாரணமா பேசுங்க பாப்போம்."

நன்றி டாக்டர் என்று சொல்வதாகத்தான் ஆஷ்லின் நினைத்தாள். மூச்சை எடுத்தாள். உதட்டைத் திறந்தாள்.

"அப்பா."

சொன்னது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. தெருமுனையில் வந்திருக்க வேண்டியது, பெட்டி மேல் வந்திருக்க வேண்டியது, குழியோரம் வந்திருக்க வேண்டியது எல்லாம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தது. "எப்பா" என்று இரண்டாவது தடவை அவள் கூப்பிட்டபோது அது பேச்சு இல்லை. அவள் படித்த மூச்சும் படிக்காத அழுகையும் சேர்ந்து, மருந்து அலமாரிக் கண்ணாடி அதிரும்படி கிளம்பியது. வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். டாக்டர், "மேடம், வேண்டாம், வேண்டாம்" என்று பதறினார்.

மரியசெல்வி ஸ்டூலை விட்டு எழுந்தாள். இத்தனை நாளாக எந்தச் சத்தத்துக்காகக் காதைத் திறந்து வைத்திருந்தாளோ அந்தச் சத்தம். ஓடிப்போய் மருமகளைக் கட்டிப்பிடித்தாள். தலையோடு தலையைச் சேர்த்தாள். மூன்றாவது தடவை ஆஷ்லின் வாயைத் திறந்தபோது, தன் காய்த்துப்போன உள்ளங்கையை வைத்து அதை அழுத்தி மூடினாள்.

"போதும்டி. போதும் கண்ணு. கூப்புட்டுட்ட இல்ல, அவனுக்குக் கேட்டிருக்கும். மூடிக்க. மிச்சத்த நான் அழுவுறேன்."

ஆஷ்லின் திமிறினாள். கை விடவில்லை. வாயை அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டு, செத்தவருக்கு அக்காவாக இல்லாமல், மகளாகவே எடுத்தாள் மரியசெல்வி.

"பெத்த மக வந்திருக்கேன்
பேர் சொல்லிக் கூப்புட்டேன்
எட்டாத தூரத்துல
என்ன வச்ச எங்கப்பா"

நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து, "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரியில" என்று ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மறுபடியும் ஒரு தடவை தொண்டையைப் பார்த்தாக வேண்டும். ரத்தம் கசிந்திருக்கிறதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும். குழாயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கிழவி முடிக்கட்டும் என்று அவர் நின்றார்.

ஆஷ்லினின் கண்ணீர் அத்தையின் விரல்களுக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. மரியசெல்வி ஒவ்வொரு அடியின் முடிவிலும் பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினாள், மகள் வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில். பிறகு அந்த இடத்தையும் தானே பாடினாள்.